கேட்கலாம், தேடலாம்... எதுவரை? காவியங்களில் ‘விலக்கப்பட்ட அறிவு’: ஓர் எளிய அறிமுகம்

குந்திக்குத் துர்வாசர் கொடுத்த மந்திரத்தின் கதை நமக்கெல்லாம் தெரியும். கோபத்துக்குப் பேர்போன அந்த முனிவருக்கு முகம் கோணாமல் பணிவிடை செய்ததற்குப் பரிசாகக் கிடைத்தது அது. எந்தத் தேவனை நினைத்துச் சொன்னாலும் அவன் நேரில் வந்து நிற்பான். இது நிஜமாகவே பலிக்குமா, பார்த்துவிடலாமே என்ற ஆசையில் கன்னிப் பெண்ணான குந்தி சூரியனை நினைத்துச் சொல்லிவிட்டாள். வந்தவனைச் சும்மா திருப்பி அனுப்ப முடியவில்லை. கர்ணன் பிறந்தான், ஆற்றில் விடப்பட்டான். அதன் விளைவு குருக்ஷேத்திரம் வரை துரத்திக்கொண்டு வந்தது.

இதே மந்திரம்தான் பின்னாளில் தருமனையும் பீமனையும் அர்ச்சுனனையும் தந்தது. மாத்ரிக்கு நகுல சகாதேவர்களைத் தந்ததும் இதுதான். ஆகவே மந்திரத்தில் பழுதில்லை. தேவை எதுவும் இல்லாதபோது, வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காக மட்டும் அதை எடுத்ததுதான் அத்தனைக்கும் காரணம்.

உலகத்தின் பெரிய காவியங்களில் இந்த மாதிரி இடங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒருவர் எதையோ அறிய ஆசைப்படுகிறார். ‘இதோடு நில்’ என்று ஒரு குரல் சொல்கிறது. அவர் நிற்கிறார், அல்லது தாண்டுகிறார். ‘விலக்கப்பட்ட அறிவு’ என்று இலக்கிய வகுப்புகளில் சொல்வது இதைத்தான். முதன்முறையாக இதைக் கேள்விப்படுகிறவர்களுக்கு ஒரு சந்தேகம் வரும். அறிவைப் போய் எதற்காக விலக்க வேண்டும்? பழைய காலத்து மதத் தலைவர்கள் மக்களை அடக்கி வைக்கச் செய்த ஏற்பாடா இது? அப்படியும் நடந்திருக்கிறது. ஆனால் நல்ல காவியங்களைப் படித்துப் பார்த்தால் விஷயம் அவ்வளவு சுலபமாக முடிவதில்லை. எதை அறிய ஆசைப்படுகிறார் என்பதைவிட, யார் கேட்கிறார், எதற்காகக் கேட்கிறார், அதற்கான விலையை யார் கொடுக்கிறார் என்பதில்தான் கவிகளின் கவனம் இருக்கிறது. ஐரோப்பியக் காவியங்கள் இரண்டை முக்கியமாக வைத்து இதைப் பார்க்கலாம்: இத்தாலியக் கவி தாந்தேயின் ‘தெய்வீக நாடகம்’, ஆதாமும் ஏவாளும் ஏதேன் தோட்டத்தை இழந்த கதையைச் சொல்லும் ஆங்கிலக் கவி மில்டனின் ‘பாரடைஸ் லாஸ்ட்’. இரண்டாவதின் ஒரு பகுதியை வெள்ளக்கால் சுப்பிரமணிய முதலியார் ‘சுவர்க்க நீக்கம்’ என்று தமிழ்ச் செய்யுளாகவே தந்திருக்கிறார்.

‘வேண்டாம்’ என்பதில் உள்ள வேறுபாடுகள்

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். ‘உன்னால் அதை அறிய முடியாது’ என்பது ஒன்று. ‘முடியும், ஆனால் கூடாது’ என்பது இன்னொன்று. ‘இப்போது வேண்டாம், அதற்கான காலம் வரும்’ என்பது மற்றொன்று. முதலாவது மனித மூளையின் அளவைப் பற்றிய பேச்சு, இரண்டாவது கட்டளை, மூன்றாவது முதிர்ச்சி சம்பந்தப்பட்டது. காவியங்களில் இவை ஒன்றோடொன்று கலந்தே வரும். ஒரு பாத்திரம் முதல் வகையாகச் சொன்னதை இன்னொரு பாத்திரம் இரண்டாவது வகையாக எடுத்துக்கொள்ளும். பல விபரீதங்கள் அங்கேதான் தொடங்குகின்றன.

ஐரோப்பாவில் இந்தப் பேச்சு அவ்வளவு அழுத்தம் பெற்றதற்குக் காரணம் விவிலியத்தின் ஆதியாகமம். நன்மை தீமை அறியத்தக்க விருட்சத்தின் கனியைப் புசிக்க வேண்டாம் என்ற கட்டளை அங்கேதான் இருக்கிறது. அதன்மேல் புனித அகுஸ்தினார் போன்றவர்கள் பெரிய சிந்தனைக் கட்டடமே எழுப்பினார்கள். யோவானின் முதல் நிருபத்தில் வரும் ‘கண்களின் இச்சை’ என்ற சொற்றொடரை எடுத்துக்கொண்டு, வெறுமனே பார்த்துத் தெரிந்துகொள்ளத் துடிக்கும் மனசைத்தான் அது குறிக்கிறது என்றார் அவர். அழகானதைப் பார்க்க ஆசைப்படுவது புலன் இன்பம். சிதைந்து கிடக்கும் பிணத்தைக்கூடப் போய்ப் பார்க்கத் தோன்றுகிறதே, அதற்கு என்ன பெயர் என்று கேட்கிறார். தன்னையும் அவர் விட்டுவைக்கவில்லை. வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது பல்லி ஈயைப் பிடிப்பதும், சிலந்தி தன் வலையில் சிக்கியதைச் சுற்றிக் கட்டுவதும் தன் கவனத்தை அப்படியே இழுத்துவிடுகின்றன என்று எழுதுகிறார். 1,600 ஆண்டுகளுக்கு முந்தைய அந்த வரிகளைப் படித்தால் நமக்கு அவர்மேல் ஒரு நெருக்கம் வந்துவிடுகிறது. ஆனால் அவர் அதைக் குற்றமாகத்தான் கணக்கெழுதுகிறார். அடுத்து வந்த ஆயிரம் ஆண்டு ஐரோப்பியக் கவிகளின் மனத்தில் இந்தக் கணக்கு இருந்துகொண்டே இருந்தது.

கிறிஸ்தவத்துக்கு முந்தைய கிரேக்கக் கவி ஹோமரிடம் இந்தக் குற்ற உணர்ச்சி கிடையாது. டிராய் நகரப் போர் முடிந்து ஒடிசியஸ் என்ற வீரன் கடல்வழியே ஊர் திரும்பும் கதை அவருடைய ‘ஒடிசி’. அதன் 12-ஆம் காண்டத்தில் சைரன்கள் என்ற பாடகிகள் வருகிறார்கள். அவர்களை மோகினிகள் என்றே பலரும் நினைத்திருக்கிறார்கள். பாட்டைக் கவனித்தால் அவர்கள் காட்டும் ஆசை வேறு. ‘டிராயில் இரு தரப்பும் பட்ட பாடெல்லாம் எங்களுக்குத் தெரியும். இந்தப் பூமியில் நடப்பது அனைத்தும் தெரியும். எங்களைக் கேட்டவன் கூடுதல் அறிவோடு திரும்புவான்’ என்கிறார்கள். அவர்களைச் சுற்றிலும் செத்தவர்களின் எலும்புக் குவியல் கிடக்கிறது. ஒடிசியஸ் தன் ஆட்களின் காதில் மெழுகை அடைத்துவிட்டு, தன்னைப் பாய்மரத்தில் கட்டிவைக்கச் சொல்லிப் பாட்டைக் கேட்கிறான். அவிழ்த்துவிடும்படி புருவத்தால் ஜாடை காட்டுகிறான். தோழர்கள் இருவர் எழுந்து வந்து கட்டை இன்னும் இறுக்குகிறார்கள். அவ்வளவுதான், கப்பல் கடந்துவிடுகிறது. ஹோமர் அவனைக் கண்டிக்கவில்லை. அபாயமான அறிவை எப்படி அணுகுவது என்பதற்கு ஒரு வழி இருக்கிறது, அந்த வழி முன்கூட்டியே சொல்லித்தரப்பட்டிருக்கிறது, கட்டிவைக்க ஆட்களும் கூடவே இருக்கிறார்கள்.

தாந்தேயின் தீச்சுடர்

அந்த ஒடிசியஸை, லத்தீன் வழக்கில் யுலிசஸ் என்று அழைத்து, தாந்தே நரகத்தில் கொண்டுபோய் வைக்கிறார். தாந்தேக்குக் கிரேக்கம் தெரியாது, ஹோமரை நேரடியாகப் படித்தவரும் இல்லை. ஆகவே அவன் தன் ஊரான இதாக்காவுக்குத் திரும்பி மனைவியோடு சேர்ந்த கதையைத் தொடாமல், தானாகவே ஒரு முடிவை எழுதினார். ‘நரகம்’ பகுதியின் 26-ஆம் பாடல் அது. உலக இலக்கியத்தில் விலக்கப்பட்ட அறிவைப் பற்றி இதைவிடச் சிறப்பான பக்கங்கள் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

காட்சியைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். தாந்தேயும் அவருக்கு வழிகாட்டும் கவி வெர்ஜிலும் ஒரு பாறைப் பாலத்தின்மேல் நிற்கிறார்கள். கீழே பள்ளத்தாக்கு முழுக்கச் சுடர்கள் அசைகின்றன. குன்றின்மேல் இளைப்பாறும் குடியானவன், அந்தி நேரத்தில் தன் வயலும் திராட்சைத் தோட்டமும் இருக்கும் பள்ளத்தில் மின்மினிகளைப் பார்ப்பது போல் இருந்தது என்கிறார் தாந்தே. ஒவ்வொரு சுடருக்குள்ளும் ஒரு பாவி. பார்க்கும் ஆசையில் தாந்தே விளிம்பைத் தாண்டிக் குனிகிறார். ஒரு பாறையைப் பிடித்துக்கொண்டிராவிட்டால் யாரும் தள்ளாமலே விழுந்திருப்பேன் என்று அவரே சொல்கிறார். இந்தச் சின்ன விவரத்தைத் தாண்டிப் போய்விடக் கூடாது. அறியும் ஆசையால் அழிந்த ஒருவனைச் சந்திக்கப் போகும் இடத்தில், அதே ஆசையால் விழப் பார்க்கிறார் கவி. இதற்குச் சில வரிகள் முன்னால், ‘அங்கே கண்டதை நினைக்கும்போது இன்றும் எனக்குத் துயரம் வருகிறது. என் திறமை நல்வழி காட்டாத பக்கம் ஓடிவிடாதபடி வழக்கத்தைவிட இறுக்கிக் கடிவாளம் பிடிக்கிறேன்’ என்று வேறு சொல்லியிருக்கிறார்.

இரண்டு முனையாகப் பிரிந்த ஒரு சுடர் வருகிறது. அதற்குள் யுலிசஸும் அவன் கூட்டாளி டயமீடிசும் எரிகிறார்கள். சுடரின் பெரிய முனை நாக்குப்போல் அசைந்து பேசத் தொடங்குகிறது. மகன்மேல் உள்ள பாசமும், வயதான தந்தைக்குச் செய்ய வேண்டிய கடமையும், மனைவி பெனலோப்பியை மகிழ்விக்க வேண்டிய அன்பும், இந்த உலகத்தையும் மனிதர்களின் நல்லது கெட்டதையும் அறிந்துவிட வேண்டும் என்று என்னுள் எரிந்த ஆசையை வெல்ல முடியவில்லை என்கிறான். ஒரே ஒரு கப்பல், தன்னைக் கைவிடாத சில தோழர்கள். ஸ்பெயினையும் மொராக்கோவையும் பார்த்துக்கொண்டே மத்தியதரைக் கடலின் வாசலுக்கு, அதாவது இன்று நாம் ஜிப்ரால்டர் என்று சொல்லும் நீரிணைக்கு வருகிறார்கள். மனிதன் இதற்கு அப்பால் போகக் கூடாது என்று ஹெர்குலிஸ் எல்லைக்கல் நட்ட இடம் அது. எல்லாரும் கிழவர்களாகிவிட்டார்கள், நடையும் தளர்ந்துவிட்டது. அங்கே அவன் தோழர்களிடம் பேசுகிறான்: ‘சகோதரர்களே, ஆயிரம் ஆபத்தைத் தாண்டி மேற்கின் விளிம்புக்கு வந்திருக்கிறோம். நம் புலன்கள் விழித்திருக்கப் போவது இன்னும் கொஞ்ச நேரம்தான். சூரியனுக்குப் பின்னால் இருக்கும், மனிதரில்லாத உலகத்தைக் காணாமல் விட்டுவிடாதீர்கள். உங்கள் பிறப்பை எண்ணிப் பாருங்கள். மிருகங்களைப் போல் வாழ்வதற்கு நீங்கள் படைக்கப்படவில்லை. மேன்மையையும் அறிவையும் தேடிப் போவதற்கே படைக்கப்பட்டீர்கள்.’

அதற்குப் பிறகு அவர்களைத் தடுக்க நினைத்திருந்தாலும் முடிந்திருக்காது என்கிறான். துடுப்புகளையே சிறகாக்கிப் பறந்தார்கள். தென்திசை வானத்தின் நட்சத்திரங்கள் தெரியத் தொடங்கின. நிலவு ஐந்து முறை தேய்ந்து வளர்ந்தபின் தூரத்தில் மங்கலாக ஒரு மலை, அதுவரை பார்த்திராத உயரத்தில் தெரிந்தது. மகிழ்ந்தார்கள். அந்த மகிழ்ச்சி உடனே அழுகையானது. மலையிலிருந்து கிளம்பிய சூறாவளி கப்பலை மூன்று சுற்று சுற்றி, நான்காவதில் பின்பக்கத்தை உயர்த்தி முன்பக்கத்தை அமிழ்த்தி, கடல் அவர்கள்மேல் மூடிக்கொண்டது. ‘வேறொருவர் விருப்பப்படி’ என்று ஒரு வார்த்தையை மட்டும் சேர்க்கிறான். இறைவனின் பெயரைச் சொல்லக்கூட அவனுக்குத் தெரியாது, அல்லது வாய் வரவில்லை.

சரி, அவன் ஏன் நரகத்தில் இருக்கிறான்? பாடலின்படி அறியும் ஆசைக்காக இல்லை. டிராய் நகரத்துக்குள் மரக்குதிரையை அனுப்பிய வஞ்சகம் முதலான சூதுகளுக்காக. கடைசிப் பயணம் அவன் இறந்த விதம் மட்டுமே. அப்படியானால் அந்த அருமையான பேச்சை எப்படி எடுத்துக்கொள்வது? அதை மனித மேன்மையின் குரலாகக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். அதுவும் ஒரு வஞ்சகப் பேச்சுதான், ஆட்களை ஏமாற்றிச் சாவுக்குக் கூட்டிப்போனான் என்பவர்களும் இருக்கிறார்கள். என் வாசிப்பில் இரண்டையும் பிரிக்க முடியாது. அவன் சொன்னது உண்மை. அந்த உண்மையை வைத்துத்தான் ஆட்களை வசப்படுத்தினான். வீட்டில் காத்திருக்கும் மூன்று பேரை அவனே அடுக்கிவிட்டு, அவர்களைத் தாண்டிப் போகிறான். கூட வந்த கிழவர்களில் ஒருவர்கூடத் திரும்பவில்லை. ஹோமரின் சைரன் காட்சியில் கட்டை இறுக்க ஆட்கள் இருந்தார்கள். இங்கே அவனைக் கட்டிப்போட யாருமில்லை, இருந்தவர்களையும் பேச்சால் அவிழ்த்துவிட்டுவிட்டான்.

அந்த மலை எது என்பதும் முக்கியம். தாந்தேயின் உலகத்தில் அது உத்தரிக்கும் தலம், அதாவது இறந்தவர்கள் சொர்க்கம் போகும் முன் தங்கள் பாவம் கழுவிக்கொள்ளும் இடம். அதன் உச்சியில்தான் ஆதாமும் ஏவாளும் வாழ்ந்த ஏதேன் தோட்டம் இருக்கிறது. யுலிசஸ் தெரியாமலே மனிதகுலம் இழந்த இடத்துக்குக் குறுக்குவழியில் போய்ச் சேரப் பார்த்திருக்கிறான். பிற்பாடு ‘சொர்க்கம்’ பகுதியில், அதுவும் 26-ஆம் பாடலிலேயே, தாந்தே ஆதாமைச் சந்திக்கிறார். என்ன குற்றத்துக்காக அவ்வளவு நீண்ட நாடுகடத்தல் என்பதற்கு ஆதாம் சொல்லும் பதில்: கனியைத் தின்றது காரணமில்லை, எல்லைக்குறியைத் தாண்டியதே காரணம். ஹெர்குலிஸின் எல்லைக்கல்லை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பதில் எங்கே போய்த் தொடுகிறது என்பது உடனே புரிந்துவிடும்.

வானத்தைப் பற்றி ஆதாம் கேட்ட கேள்வி

மில்டனுக்கு வருவோம். 1667-இல் 10 காண்டங்களாகவும், 1674-இல் 12 காண்டங்களாகப் பிரித்தும் வெளிவந்தது ‘பாரடைஸ் லாஸ்ட்’. 10,000-க்கும் மேற்பட்ட வரிகள். எழுதும் காலத்தில் மில்டனுக்கு முழுக்கப் பார்வை போய்விட்டது. சொல்லச் சொல்ல மற்றவர்கள் எழுதியதுதான் இந்தக் காவியம்.

அவருடைய வாழ்க்கையில் நடந்த ஒன்று நமக்கு இங்கே வேண்டும். 1638-39 வாக்கில் இளைஞராக இத்தாலிக்குப் போயிருந்தபோது, கலிலியோவைச் சந்தித்ததாக அவரே எழுதியிருக்கிறார். பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்று வாதிட்டதற்காக 1633-இல் தண்டிக்கப்பட்டு, புளோரன்ஸ் அருகே வீட்டுக்காவலில் இருந்தார் கலிலியோ. முதுமை வேறு. அறிவை விலக்கினால் என்ன ஆகும் என்பதை மில்டன் நேரில் பார்த்தவர். 1644-இல் புத்தகத் தணிக்கைக்கு எதிராக அவர் எழுதிய ‘ஏரியோபஜிட்டிகா’ என்ற உரையில்தான் இந்தச் சந்திப்பு வருகிறது. காவியத்திலும் கலிலியோவின் தொலைநோக்கி வருகிறது. அவர் காலத்து மனிதர்களில் காவியத்துக்குள் பெயரோடு இடம்பெற்றவர் கலிலியோ ஒருவர்தான்.

அப்படிப்பட்டவர் அறியும் ஆசைக்கு எல்லை போட்டாரா? போட்டார். ஆனால் எப்படி என்பதுதான் பார்க்க வேண்டியது.

எட்டாம் காண்டத்தின் தொடக்கத்தில், ஏதேன் தோட்டத்துக்கு வந்திருக்கும் ரபேல் என்ற வானதூதரிடம் ஆதாம் ஒரு கேள்வி கேட்கிறான். வானத்தோடு ஒப்பிட்டால் இந்தப் பூமி ஒரு புள்ளி, ஒரு தானிய மணி, ஓர் அணு. இந்தத் துளி இடத்துக்கு வெளிச்சம் தருவதற்காக மட்டும் அத்தனை பெரிய நட்சத்திரங்களும் ஓய்வில்லாமல் ஓட வேண்டுமா? எதையும் வீணாக்காத இயற்கை ஏன் இப்படி விரயம் செய்கிறது? மிக நல்ல கேள்வி. பூமியை நடுவில் வைத்த பழைய வானியலில் இருக்கும் இடறலை ஒரே பார்வையில் பிடித்துவிட்டான்.

இந்த இடத்தில் ஏவாள் எழுந்து தன் செடிகொடிகளைப் பார்க்கப் போய்விடுகிறாள். விஷயம் அவளுக்குப் புரியாது என்பதால் இல்லை, கணவன் வாயால் கேட்பதே அவளுக்கு விருப்பம் என்று மில்டன் சொல்கிறார். காரணம் எதுவானாலும், அறிவின் எல்லை பற்றிய பேச்சு நடக்கும்போது அவள் அங்கே இல்லை.

ரபேலின் பதில் கண்டிப்போடு தொடங்கவில்லை. ‘கேட்பதற்கோ தேடுவதற்கோ உன்னைக் குறை சொல்ல மாட்டேன். வானம் உன் முன்னால் விரித்து வைத்திருக்கும் இறைவனின் புத்தகம்’ என்கிறார். பிறகு, பூமி சுற்றுகிறதா வானம் சுற்றுகிறதா என்பது உனக்கு அவசியமில்லை என்கிறார். பிற்காலத்து மனிதர்கள் வட்டத்துக்குள் வட்டம் போட்டு வானத்தை விளக்கப் பாடுபடுவதைப் பார்த்து இறைவன் சிரிக்கக்கூடும் என்கிறார். அதோடு விட்டாரா? ‘சூரியன் நடுவில் இருந்து மற்றவை அதைச் சுற்றினால் என்ன? அசையாமல் இருப்பதாகத் தோன்றும் இந்தப் பூமியும் ஒரு கோள்தான் என்றால்? நிலவில் மழையும் விளைச்சலும் குடிகளும் இருந்தால்? வேறு சூரியன்களும் அவற்றுக்கு நிலவுகளும் இருந்தால்?’ என்று ஆதாம் கேட்டதைவிட அதிகமாக அடுக்குகிறார். கலிலியோ எதற்காகத் தண்டிக்கப்பட்டாரோ அதையே ஒரு வானதூதர் வாயால் சொல்லவைக்கிறார் மில்டன். எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, ‘மறைந்திருப்பவற்றை நினைத்து மனசை அலைக்கழிக்காதே. அடக்கத்தோடு அறிவாளியாக இரு. உனக்கும் உன் வாழ்வுக்கும் தேவையானதை நினை, வேறு உலகங்களைக் கனவு காணாதே’ என்று நிறுத்துகிறார்.

வானியல் முழுக்க வீண் என்பதாக இதைப் படிப்பவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. 1667-இல் பூமி சுற்றுகிறதா என்ற அந்த வழக்கு ஐரோப்பாவில் இன்னும் முடிந்திருக்கவில்லை. கோள்களின் ஓட்டத்தை ஈர்ப்பு விசையால் விளக்கிய நியூட்டனின் ‘பிரின்சிப்பியா’ நூல் வர இன்னும் 20 ஆண்டுகள் இருந்தன. ஏழாம் காண்டத்தில் இதே ரபேல் சொன்னதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அறிவு உணவைப் போன்றது, பசிக்கு அளவு வேண்டும், அளவு மீறினால் சாப்பாடு வயிற்றில் வாயுவாக மாறுவது போல ஞானம் மடமையாக மாறிவிடும் என்கிறார். உணவு விலக்கப்பட்டதில்லையே. ஐந்தாம் காண்டத்தில் இன்னும் தெளிவாக, நீங்கள் கீழ்ப்படிந்து வளர்ந்தால் வானதூதர்களுக்குச் சமமாக உயரும் காலம் வரலாம் என்றும் சொல்லியிருக்கிறார். இது ‘கூடாது’ என்ற பேச்சில்லை, ‘இப்போது வேண்டாம்’ வகை.

ஆனாலும் இந்த அறிவுரை எனக்கு முழு நிறைவு தரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆதாம் இறைவனைச் சோதிக்கக் கேட்கவில்லை. அவனுக்குப் பேச்சுத் துணையாக இருப்பவர் வானத்திலிருந்தே வந்தவர். அவரிடம் கேட்காமல் யாரிடம் கேட்பான்? தானே நட்சத்திரங்களைக் காண முடியாத ஒருவர் இவ்வளவு ஆசையாக வானத்தை எழுதிவிட்டு, ‘கனவு காணாதே’ என்று முடிப்பதில் ஒரு வலி இருக்கிறது. மில்டன் அந்த வலியை மறைக்கவில்லை.

பாம்பு காட்டிய ஆதாரம்

இந்தக் காவியத்தில் ‘விலக்கப்பட்ட அறிவு’ என்ற எண்ணத்தைக் கூர்மையாகப் பேசுபவன் சாத்தான். நான்காம் காண்டத்தில் ஒளிந்திருந்து, அந்த மரத்தைப் பற்றி ஆதாம் ஏவாளிடம் பேசுவதைக் கேட்கிறான். ‘அறிவை விலக்கியிருக்கிறார்களா? சந்தேகமாக இருக்கிறதே. அறிவது பாவமாகுமா? அது மரணமாகுமா?’ என்கிறான். இன்று நம்மில் யாரும் கேட்கக்கூடிய கேள்விதான். கேட்ட கையோடு, ‘இவர்களைக் கெடுக்க இதுவே நல்ல அஸ்திவாரம், அறியும் ஆசையைத் தூண்டிவிடுவேன்’ என்று திட்டம் போடுகிறான். கேள்வி சரி, கேட்பவனுக்குப் பதிலில் அக்கறை இல்லை.

இதற்கு முன்பே மூன்றாம் காண்டத்தில் இதை ஒருமுறை செய்து பார்த்திருக்கிறான். இளம் வானதூதன் வேடத்தில் சூரியனைக் காக்கும் ஊரியேலிடம் போய், இறைவனின் புதிய படைப்பைக் கண்டு போற்ற ஆசை என்று வழி கேட்கிறான். வானுலகிலேயே கூரிய பார்வை கொண்டவர் ஊரியேல். அவரும் நம்பி, ‘இறைவனின் செயல்களை அறியும் ஆசை எவ்வளவு மிகுந்தாலும் பழிக்கு இடமில்லை, பாராட்டுக்கே உரியது’ என்று மெச்சி, பூமியைக் கைகாட்டி அனுப்புகிறார். அறிவார்வத்தைப் பற்றி முழுக் காவியத்திலும் வரும் மிகத் தாராளமான பாராட்டு, அது சுத்தமாக இல்லாத ஒருவனுக்குக் கிடைக்கிறது. வேடத்தை ஊரியேலாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை என்று முதலிலேயே காட்டிவிடுவதால், பிறகு ஏவாள் ஏமாறும்போது அவளை மட்டும் குறை சொல்ல நம்மால் முடிவதில்லை.

ஒன்பதாம் காண்டத்தில் நடப்பதைப் படிக்கும்போது ஏவாளின் வாதங்களை ஒவ்வொன்றாகப் பின்தொடர வேண்டும். பேசும் பாம்பைக் கண்டு வியக்கிறாள். எப்படிப் பேச வந்தது என்று கேட்கிறாள். அந்தக் கனியைத் தின்றேன், வந்தது என்கிறது பாம்பு. அவள் யோசிக்கிறாள்: இது தின்றது, சாகவில்லை, மாறாகப் பேச்சும் பகுத்தறிவும் பெற்றது. நம்மை அறியக் கூடாது என்று தடுப்பது நல்லதைத் தடுப்பதாகாதா? அப்படிப்பட்ட தடை நம்மைக் கட்டுப்படுத்தாது. தின்றபின் அனுபவத்தையே சிறந்த வழிகாட்டி என்று புகழ்கிறாள்.

தர்க்கத்தில் பெரிய ஓட்டை எதுவும் இல்லை. ஓட்டை ஆதாரத்தில் இருக்கிறது. பாம்பு அந்தக் கனியைத் தின்னவே இல்லை, அதற்குள்ளிருந்து பேசுவது சாத்தான். அவள் கேட்டது அதிகம் என்பதைவிட, இன்னும் ஒரு கேள்வி கேட்காமல் விட்டாள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது: ‘நீ தின்றாய் என்பதற்கு உன் வாய்ச்சொல்லைத் தவிர வேறென்ன இருக்கிறது?’ அறியும் ஆசையே அழித்தது என்று இந்தக் கதையைச் சுருக்கிச் சொல்பவர்கள் இந்த இடத்தைக் கவனிப்பதில்லை.

ஆதாம் தின்றதற்கு அறிவாசை காரணமே கிடையாது. அவன் ஏமாறவும் இல்லை. ஏவாளைப் பிரிந்து வாழ முடியாது என்பதற்காகத் தெரிந்தே தின்கிறான். கடைசியில் இருவருக்கும் கிடைத்த அறிவு என்ன? கண்கள் திறந்தன, நன்மை தீமை இரண்டும் தெரிந்தது, நன்மை கைவிட்டுப் போனது, தீமை கைக்கு வந்தது என்று ஆதாமே சொல்கிறான்.

எல்லை போட்டவர்களே தாண்டியவர்கள்

தாந்தே உயிரோடிருக்கும்போதே நரகத்தையும் சொர்க்கத்தையும் சுற்றிப் பார்த்ததாக எழுதினார். யுலிசஸுக்கு எட்டாத மலையில் ஏறியதாகவும் எழுதினார். புறப்படும் முன்பே, நரகம் இரண்டாம் பாடலில், ‘இந்தப் பயணம் பைத்தியக்காரத்தனமாக இருக்குமோ’ என்று அஞ்சுகிறார். யுலிசஸ் தன் பயணத்தைக் குறிக்கப் பிறகு பயன்படுத்துவதும் இதே சொல்தான். மில்டன் அதுவரை யாரும் முயலாததைப் பாடப் போவதாக முதல் காண்டத்தில் அறிவிக்கிறார். ஏழாம் காண்டத்தில், மண்ணில் பிறந்த நான் வானங்களின் வானத்துக்குள் துணிந்து போய் வந்தேன், சிறகுள்ள குதிரையிலிருந்து விழுந்த பெல்லரோஃபோனைப் போல விழுந்து அலையாதபடி பத்திரமாக இறக்கிவிடு என்று தன் கலைத்தெய்வத்தை வேண்டுகிறார். படைப்புக்கு முன்னால் வானத்தில் நடந்த போரையே வர்ணித்த ஒருவருக்கு இந்தப் பயம் வருவது நியாயம்தான். அறியும் ஆசை மிகுந்த பாத்திரங்களுக்கு அவர்கள் தங்கள் மிகச் சிறந்த வரிகளைக் கொடுத்ததற்கு இது ஒரு காரணமாக இருக்க வேண்டும்.

அந்த வரிகள் பிறகு எங்கெல்லாம் போயின என்பதற்கு ஓர் உதாரணம். 1944-இல் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் கைதியாக இருந்த இத்தாலிய வேதியியலாளர் பிரீமோ லெவி, சூப் பானையைத் தூக்கி வர இன்னொரு கைதியோடு நடக்கிறார். அந்தப் பிரெஞ்சு இளைஞன் இத்தாலியன் கற்க விரும்புகிறான். லெவிக்கு ஏனோ யுலிசஸ் பாடல் நினைவுக்கு வருகிறது. பள்ளியில் படித்தது, பாதி மறந்துவிட்டது. விடுபட்ட வரிகளைச் சேர்க்க இன்றைய சூப்பைக்கூடக் கொடுத்துவிடுவேன் என்று நினைக்கிறார். பசியால் செத்துக்கொண்டிருந்தவர்களின் இடத்தில் அந்தச் சூப்பின் மதிப்பு என்ன என்று யோசித்துப் பாருங்கள். ‘மிருகங்களைப் போல் வாழப் படைக்கப்படவில்லை’ என்ற வரியைச் சொல்லும்போது, தானே முதன்முறையாகக் கேட்பது போல் இருந்தது என்று பின்னர் எழுதினார். மனிதர்களை மிருகங்களாக்கவே கட்டப்பட்ட இடம் அது. தாந்தே நரகத்தில் ஒரு பாவியின் வாயில் வைத்த பேச்சு அங்கே இரண்டு பேரைச் சில நிமிடங்கள் தாங்கிப் பிடித்தது.

எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம்?

முழுக் காவியத்தையும் எடுத்து மலைக்க வேண்டாம். தாந்தேயில் நரகம் 26-ஆம் பாடல் 142 வரிகள்தான், அரை மணி நேரத்தில் இரண்டு தடவை படித்துவிடலாம். ஆங்கில உரைநடை மொழிபெயர்ப்பு ஒன்று போதும். அப்புறம் ‘பாரடைஸ் லாஸ்ட்’ எட்டாம் காண்டத்தின் முதல் 200 வரிகள். மில்டனின் வாக்கியங்கள் நீளமானவை, வினைச்சொல் எங்கேயோ போய் நிற்கும், வாய்விட்டுப் படித்தால் வழி தெரியும். அதை முடித்தபின் ஒன்பதாம் காண்டத்தில் பாம்பு பேசத் தொடங்கும் இடத்திலிருந்து ஏவாள் கனியைப் பறிக்கும் இடம் வரை போகலாம். படிக்கும்போது ஓரத்தில் பென்சிலால் ஒரு குறி போட்டுக்கொள்ளுங்கள்: எந்தெந்தக் கேள்விக்கு நேரான பதில் வருகிறது, எதற்கு வரவில்லை என்று. ரபேல் பேசும் பக்கத்திலும் பாம்பு பேசும் பக்கத்திலும் அந்தக் குறிகளை எண்ணி, ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பாருங்கள்.